ரெண்டாம் பக்கத்தில துள்ளுற இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். முழங்கால் பழையபடிதான். பொங்கலுக்குப் பிறகு உன்ரை குரல் கேக்கேல்லை. வேலை கூடவாக்கும் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வச்சிருக்கிறன். மருமகள் பெரியக்காவோட கதைச்சது ஒண்டும் எனக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

போன கிழமை சின்னவள் மேல் பரணில ஏறி உன்ரை பெட்டியை இறக்கினவள். லண்டன் ரூட்டிங் வீட்டிலயிருந்து கட்டினபடியே வந்த பெட்டி. மேலாலை கிடந்தது அந்த வெள்ளை மட்டை இசைத்தட்டு. ஒரு சின்னப் பெடியன் தலையைக் கையில புதைச்சுக்கொண்டு இருக்கிற படம். ரியர்ஸ் ஃபோர் ஃபியர்ஸ் எண்ட இங்கிலீஸ் பாட்டுக் குழுவின்ரை 'த ஹேர்ட்டிங்'. அவளிட்டை இப்ப தட்டுப் போடுற மெசின் இருக்கு, போட்டாள்.

பாத் நகரத்துப் பெடியள் ரெண்டு பேராம். தட்டு 1983 மார்ச்சில வந்து இங்கிலாந்தில முதலாம் இடத்துக்குப் போனதாம். உனக்குத் தெரியும், எனக்கு இப்பதான். சின்ன வயதில பட்ட நோவைக் கத்தி அழுது தீர்க்கவேணும் எண்டு சொன்ன ஜானோவ் எண்ட ஆளின்ரை புத்தகத்திலயிருந்துதானாம் பேரும் எடுத்தவை. 'மாட் வேர்ல்ட்' பாட்டை ரோலண்ட் ஓர்சபால் 19 வயதில, யன்னலால வேலைக்குப் போற சனத்தைப் பாத்து எழுதினதாம். லண்டன் நோதேர்ண் லைன் ரெயிலில 26 வருசம் நான் கொண்டுபோன முகமும் அதுதான். எழுதினது அவன், பாடினது கேர்ட் ஸ்மித். பிறகு ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு கன வருசம் கதையாமல் இருந்தவங்களாம். திரும்பச் சேந்து 2022இலயும் ஒரு தட்டு விட்டிருக்கிறாங்கள். சும்மா சொல்லுறன்.

நீ பெரியாளா வந்ததைக் கோயிலில எல்லாருக்கும் சொல்லுறனான். பெரியாக்களும் தாய்க்கு ரெலிபோன் எடுக்கிறவைதான். நித்திரை முழிக்காதை. டொக்டர் தந்த மாத்திரையை இடையில விடாதை.

ரெண்டாம் பக்கம் முதல் பாட்டு, 'சஃபர் த சில்ட்ரன்', ஒரு இடத்தில துள்ளுது. சின்னவள் ஊதிப் பாத்தாள், துணியாலை துடைச்சாள். தூசி இல்லைப் பிள்ளை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

அதே 1983, ஜூலைக் கலவரம். கொழும்புக்கு லைன் கிடைக்காமல் ரெண்டு நாளா ரெலிபோனடியில இருந்தனான். மேல உன்ரை அறையில இந்த மெசின் மேளம். ஏறி வந்து ஊசியை இழுத்தன். "அங்கை சனம் எரியுது, உனக்குப் பாட்டோ?" எண்டு அடிச்சன். உனக்கு 14 வயது. நீ அழவும் இல்லை. சனத்தை நினைச்சு அடிச்சனான் எண்டுதான் இவ்வளவு காலமும் சொன்னனான். அது பொய். வெள்ளவத்தையிலயிருந்து சித்தப்பா, "எங்களை எப்பிடியாவது அங்கை எடு அண்ணை" எண்டு அந்த மாசம் துவக்கத்தில எழுதின கடிதம் என்ரை லாச்சிக்குள்ள கிடந்தது. பதில் போடேல்லை. காசுக்குப் பயந்தனான். அம்மாவுக்கும் காட்டேல்லை, இண்டைவரைக்கும்.

சித்தப்பா கப்பலால காங்கேசன்துறையில இறங்கினது தெரியுமட்டும் நான் உன்னோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. தெரிஞ்ச பிறகும் அந்த அடியைப் பற்றிக் கதைக்கேல்லை.

பெட்டியைச் சின்னவள் கேக்கிறாள். நீ வந்து சொல்லுமட்டும் குடுக்கமாட்டன். முருங்கைக்காய் ஃப்ரீசருக்குள்ள இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. கதைக்க ஏலாட்டில் ரெலிபோனை ரெண்டுதரம் அடிக்கவிட்டு வை, நீதான் எண்டு எனக்கு விளங்கும்.

அப்பா