பகுதி ஒன்று தமிழில் வாதிடவும் கற்றுக்கொடுப்போம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இளங்கலை மாணவர்களுக்கு மொழிப்பாடமான 'பகுதி ஒன்று தமிழ்' கற்பிப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். செய்யுளும் சிறுகதையும் இலக்கணமும் இலக்கிய வரலாறும் நிறைந்த நம் பாடத்திட்டத்தில் கட்டுரைக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கே மாணவர் எதையும் வாதிட வேண்டியதில்லை. முன்னுரை, துணைத்தலைப்புகள், பொருத்தமாக ஒரு குறள், முடிவுரை என்று பள்ளியில் பழகிய முறையிலேயே கல்லூரியிலும் எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். விவாதத்துக்குரிய ஒரு பொருளில் ஒரு பக்கம் நின்று, அதை ஏற்காதவரையும் ஏற்கச் செய்யும் நோக்கத்தோடு எழுதப்படும் நிலைப்பாட்டுக் கட்டுரையை ஒரு பருவத்திலாவது கட்டாயப் பயிற்சியாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

'நெகிழியின் தீமைகள்' என்று தலைப்புக் கொடுத்தால் மண் கெடும், கால்நடை மடியும், கடல் மாசுபடும் என்று எல்லா மாணவரும் எழுதிவிடுவார்கள். மறுப்பவர் யாருமில்லாத கருத்தை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. அதே பொருளில் வினாவை மாற்றிப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் பூக்கடையிலும் இறைச்சிக் கடையிலும் நெகிழிப் பைகள் இன்றும் புழங்குகின்றன. அப்படியானால் தண்டம் முதன்மையாக யார்மீது விழ வேண்டும், விற்பவர்மீதா, தயாரிப்பவர்மீதா? தயாரிப்பவர் என்று சொல்லும் மாணவர், வெளிமாநிலத்திலிருந்து வரும் பைகளை இங்குள்ள ஆலையை மூடி எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். விற்பவர் என்பவரோ, கட்டுக்குச் சில ரூபாயே மிஞ்சும் நடைபாதைக் கீரை வியாபாரிக்கு என்ன மாற்று என்று காட்ட வேண்டும். துணிப்பை, காகிதப்பை, நெகிழிப்பை மூன்றும் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று கடைத்தெருவில் விசாரித்து வராமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நோட்ஸிலும் இதற்கு விடை கிடைக்காது.

இது நமக்குப் புதிய கலையன்று. நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, வகுத்த இலக்கண நூலான நன்னூல், உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்துப் 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்பதை வைக்கிறது. மாற்றார் கருத்தை முதலில் ஏற்று நிறுத்தி, அதன் பின்னரே அதை நீக்க வேண்டும் என்னும் இந்த ஒழுங்கைத்தான் மாணவர்கள் அறவே அறியாமல் பட்டம் பெற்றுச் செல்கிறார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பிற சமயக் கொள்கைகளைப் பரபக்கம் என்னும் பகுதியில் எடுத்துரைத்து மறுத்த பிறகே, தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு வருகிறது. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளை விளக்குவதோடு, அவற்றின் போலிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். நாமோ 'எழுவகை மதங்கள் யாவை?' என்று இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டு, அவற்றில் ஒன்றையேனும் கையாளச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பட்டிமன்றம் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். பட்டிமன்றத்தில் அணி ஒதுக்கித் தரப்படுகிறது. வலுவற்ற வாதத்தையும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு காப்பாற்றிவிடுகிறது. கட்டுரையைப் படிப்பவரோ ஐயம் வந்தால் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

விடைத்தாள் திருத்துபவரின் அரசியலுக்கு மாறாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற மாணவரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அது நியாயமான அச்சம். ஆகவே எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் இல்லை என்று வினாவிலேயே அச்சிட வேண்டும். மாற்றுக் கருத்தை அதை உடையவரே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாக எடுத்துரைப்பதற்கு, சொந்த நிலைப்பாட்டை நிறுவுவதற்குத் தரும் அளவுக்கே மதிப்பெண் தர வேண்டும். சான்று எங்கிருந்து வந்தது என்று கட்டுரைக்குள்ளேயே சொல்லச் சொல்வதும், எதிர்த்தரப்பின் வலுவான ஒரு வாதத்தையாவது ஒப்புக்கொள்ளச் சொல்வதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

மூன்று மணி நேரத் தேர்வில் இதைப் புகுத்துவதால் பயனில்லை. எழுதி, பிறர் படித்துக் கேள்வி கேட்டு, திருத்தி எழுதும்போதே வாதம் உருப்பெறுகிறது என்பதால், இது அக மதிப்பீட்டில் இரண்டு வரைவுகளாக அமைய வேண்டும். அறுபது, எழுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இது ஆசிரியருக்குப் பெருஞ்சுமைதான். முதல் வரைவை மாணவர்களே இணையாக அமர்ந்து படித்து, எதிர்த்தரப்பிலிருந்து வினா எழுப்பினால் சுமை ஓரளவு குறையும். பார்த்தெழுதி ஒப்படைக்கும் வழக்கமான ஒப்படைப்பு ஒன்றை நீக்கினால் அதற்கான நேரமும் கிடைக்கும்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இரண்டாம் பருவத்தின் ஓர் அலகை இதற்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். குழு விரும்பினால், மாதிரி வினாக்களையும் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் எழுதித் தர நானும் சக ஆசிரியர் சிலரும் அணியமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியர் ஒருவர்