செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு நம் பிள்ளைகளும் தொலைமருத்துவமும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவை உறுப்பினர்கள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு இங்கு வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் செயலவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடியது. பொங்கல் ஒன்றுகூடலும் தீபாவளி விருந்தும் சமூக மன்றத்தில் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதியைத் தொலைமருத்துவத்துக்கே, அதாவது மருத்துவரையும் சிகிச்சையாளரையும் காணொளி வழியாகப் பார்ப்பதற்கே, எடுத்துக்கொள்கிறேன். எதற்காகக் கூடினாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

நம்மில் பலருக்கு இது 2020இல் அறிமுகமானது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, நோய்ப்பரவலை முறியடிக்கச் சிங்கப்பூரே வீட்டுக்குள் இருந்தபோது, பல சிகிச்சையாளர்கள் ஸூமுக்கு மாறினார்கள். வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டோம். கட்டுப்பாடுகள் போன பிறகும் பல குடும்பங்கள் அதை விடவில்லை. காரணம், மருந்தகத்தில் காத்திருக்கும் நேரம். எண் மாறும்போதெல்லாம் ‘டிங்’ என்று ஒரு மணி, பக்கத்தில் அழும் கைக்குழந்தை, கண் கூசும் விளக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளை முக்கால் மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மருத்துவரின் அறைக்குள் நுழைவது அவனுடைய களைப்பும் பயமும்தான். வீட்டில், அவனுடைய பாயில், அவனுடைய தலையணையோடு இருக்கும்போது பார்த்தால்தான் அவன் யார் என்று தெரியும்.

பேச்சு சிகிச்சையில் இதன் பலனை நேரில் பார்த்தேன். ஈசூனில் நம் உறுப்பினர் வீட்டில், கைப்பேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். பையனுக்குப் பேச்சு வராது. டேப்லெட்டில் படத்தை அழுத்துவான், அது அவனுக்காகப் பேசும். சட்னிக் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும்படி சிகிச்சையாளர் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கோ கை பரபரக்கிறது. எட்டு எண்ணும்போது பையனின் விரல் படத்தில் பட்டது. டேப்லெட் ஆங்கிலத்தில் பேசியது. “என்ன சொல்றான்?” என்று பாட்டி கேட்டார். மறுவாரம் அந்தப் படத்துக்குப் பாட்டியின் குரலையே பதிந்தார்கள்: “இன்னும் வேணும்.” இப்போது ஊஞ்சலுக்கும் அதைத்தான் அழுத்துகிறான். சிகிச்சை நிலையத்து மேசையில் இந்தச் சட்னியும் இல்லை, பாட்டியும் இல்லை.

இப்படிப்பட்ட சாதனம் வாங்க, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக உதவித் தொழில்நுட்ப நிதி உண்டு. வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து என்னிடம் வாருங்கள், சேர்ந்தே படிவத்தை நிரப்புவோம்.

அப்புறம், என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் மகன் இரவில் கன்னத்தில் அடித்துக்கொள்ளத் தொடங்கினான். காணொளியில் பார்த்த மருத்துவர் இது நடத்தைப் பிரச்சினை என்று கருதி மருந்தின் அளவைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் ஓட்டை, ஈறு வீங்கிக் கிடந்தது. பல்லை எடுத்த அன்றிரவு நன்றாகத் தூங்கினான். வாயைக் காட்டுங்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை, காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை திடீரென்று மாறினால், முதலில் காது, பல், வயிறு. இதற்குத் திரை போதாது, நேரில் கொண்டுபோக வேண்டும்.

இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறார்கள். நடத்தைப் பிரச்சினைக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும். ஆனால் வலிப்புக்குக் கைப்பேசி பெரிய துணை. வலிப்பு மருத்துவரின் அறையில் வந்து நிற்காது, நள்ளிரவில் வரும். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்த பிறகு, இன்னொருவர் எடுக்கும் ஒரு நிமிடக் காணொளிப் படம் மருத்துவருக்கு நிறையச் சொல்லும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் படத்தை விட்டுவிட்டு ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

புதிய செயலி எதையும் பயன்படுத்துமுன், அந்த மருந்தகத்துக்குத் தொலைவழிச் சேவை வழங்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஜூன் முதல் இதுவும் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது.

பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வயதுக்குப் பிறகு, பெற்றவர் என்பதற்காக மட்டும் பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை நம்மிடம் இருக்காது. மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் நம்மைப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். பிறந்தநாள் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வயதான பெற்றோருக்கு, அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் மின்னிலக்க அடையாளமும் காணொளி அழைப்பும் இன்னும் மலைப்பாகவே இருக்கின்றன. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் மின்னிலக்கத் தூதர்கள் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். கூடப் போய்த் தமிழில் விளக்க இளையர்கள் வேண்டும். வரும் ஆண்டில் எனக்கு முதல் தேவை அந்தத் தொண்டூழியர்கள்தான்.

இரண்டாவது, செயலவை தயாரித்திருக்கும் ஒரு பக்கக் குறிப்பு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். எந்த மருந்து, எதற்குப் பயம், யார் பேசினால் அடங்குவான், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அழைப்பு தொடங்குமுன் மருத்துவருக்கு அனுப்பிவிடலாம். தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. ‘வலித்தால் எப்படிக் காட்டுவான்’ என்ற கட்டத்தை மட்டுமாவது இன்றிரவே நிரப்பி வையுங்கள்.

செயலாளர்