பேறுகாலப் பணம் பேறுகாலத்திலேயே வரட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழைக் கர்ப்பிணிக்கு அரசு தரும் 18,000 ரூபாயில் 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. என் தங்கைக்குப் பெட்டகம் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். அவன் வயிற்றில் இருந்தபோது வந்திருக்க வேண்டிய தவணை இன்னும் வரவில்லை.

காரணம், இனிஷியல். ஆதாரில் அப்பாவுடையது, பாஸ்புக்கில் கணவருடையது. கல்யாணமான பெண்ணுக்கு இப்படி இருப்பது நம் நாட்டில் அதிசயமா? வங்கியில், "ஆதாரைத் திருத்திட்டு வாங்க" என்றார்கள். இ-சேவை மையத்தில், "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க." சுகாதார நிலையத்தில், "நாங்க ஏத்திட்டோம், மேலதான் நிக்குது." எட்டாம் மாத வயிறு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஜெராக்ஸ் தாள்களோடு வரிசையில் நின்றாள். உட்கார ஒரு நாற்காலி இல்லை. அலைந்த ஒவ்வொரு நாளும் தையல் கூலி போனது. கிராம சுகாதார செவிலியரைக் குறை சொல்ல மாட்டேன். கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி எண்ணை வாங்கித் தந்து, மாதாமாதம் வீடு தேடி வந்தவர் அவர்தான்.

அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. மனமார வரவேற்கிறேன். நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு 2017 முதல் சட்டப்படி 26 வாரம். தையல் கூலிக்கும் களையெடுப்புக்கும் போகிறவளுக்கு? அவளுக்கு விடுப்பென்று இருப்பது இந்தப் பணம் மட்டும்தான். அது தாமதமானால் நிறைமாதத்திலும் மெஷின் முன்னால் உட்கார வேண்டியதுதான். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பேறுகால உதவியை உரிமை என்கிறது. உரிமைக்கு இத்தனை கெஞ்சலா? பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தீர்கள். பூட்டிய அறைக்கு வெளியே முந்தானையால் மறைத்துப் பால் கொடுக்கும் பெண்களைப் பார்க்கிறேன். அறிவிக்கும்போது இருக்கும் அக்கறை அதற்குப் பிறகும் இருக்க வேண்டாமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: கர்ப்ப காலத்துக்கான பணம் கர்ப்ப காலத்திலேயே வர வேண்டும். தவணை நின்றால் என்ன காரணமென்று அந்தப் பெண்ணின் செல்போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இனிஷியல் வேறுபாட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மருத்துவ அலுவலரின் சான்றோடு சரிசெய்ய வழி செய்யுங்கள். பிரசவத்துக்கு முன் தர வேண்டியதைப் பிரசவத்துக்கு முன்பே தந்துவிடுமாறும், ஏற்கெனவே பெற்றெடுத்துக் காத்திருக்கும் பெண்களின் நிலுவையை உடனே விடுவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இளம் தாயின் அக்கா