1,200 ஆர்.பி.எம்.மில் தவறாகக் காட்டும் ஸ்பிண்டில் வேக டிஸ்ப்ளே: புகார்

அனுப்புநர்: லேத் பட்டறை உரிமையாளர், சிட்கோ தொழிற்பேட்டை, கப்பலூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

எங்கள் பட்டறை லேத்துக்காக உங்கள் மதுரை டீலரிடம் ஸ்பிண்டில் (லேத்தில் சுழலும் தண்டு) வேகம் காட்டும் செட் ஒன்று வாங்கினேன். ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் (மின் துடிப்பு) அனுப்பும் என்கோடர், அதை எண்ணி வேகம் காட்டும் டிஸ்ப்ளே, என்கோடரை ஸ்பிண்டில் வேகத்திலேயே சுற்றவைக்கச் சம பல் உள்ள இரண்டு புல்லி, ஒரு டைமிங் பெல்ட். 3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை துல்லியமாகக் காட்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். 1,100 வரை சரியாகத்தான் காட்டுகிறது. ஸ்பிண்டில் 1,200-ல் ஓடும்போது 870-க்கும் 1,040-க்கும் நடுவே எண் ஆடிக்கொண்டே இருக்கிறது.

"1,200-ல்தான் ஓடுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று உங்கள் சர்வீஸ்காரர் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்துப் பட்டறையிலிருந்து டேக்கோமீட்டரை (சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கிப் பார்த்ததில் 1,200-ஐ ஒட்டியே வந்தது. அதோடு விடவில்லை. சம இடைவெளியில் 10 கோடு போட்ட வட்டத்தாள் ஒன்றைச் சக்கில் (ஸ்பிண்டில் முனையில் வேலைத்துண்டைப் பிடிக்கும் பகுதி) ஒட்டினேன். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 600 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 10 சுற்று, அதாவது 100 கோடு. அந்த வெளிச்சத்தில் கோடுகள் அப்படியே நின்றதுபோல் தெரியும் (எல்.இ.டி. பல்பில் இந்த வித்தை பலிக்காமல் போகலாம்). டிரைவில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வேகத்தை மெல்ல ஏற்றினேன். கோடுகள் நின்றபோது டிஸ்ப்ளேயிலும் 600. இரண்டு மடங்கான 1,200-லும் கோடுகள் நின்றன, உங்கள் எண்தான் நிற்கவில்லை.

காரணம் உங்கள் டிஸ்ப்ளேயின் முதுகிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது: உள்ளீடு அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 பல்ஸ். 1,200 ஆர்.பி.எம்.மில் 1024 பல்ஸ் என்கோடர் நொடிக்கு 20,480 பல்ஸ் அனுப்பும். கணக்குப்படி 1,171-ஐத் தாண்டினாலே உங்கள் டிஸ்ப்ளே பல்ஸைத் தவறவிட ஆரம்பிக்கும். பெட்டியில் போட்ட 3,000-க்கு 51,200 வேண்டும். என்கோடரும் நல்லது, டிஸ்ப்ளேயும் நல்லது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதுதான் கோளாறு.

இதை ஒத்துக்கொள்ளாமல் முதலில் டிரைவின் மின் இரைச்சல் என்றார்கள். ஷீல்டு கேபிள் போட்டு எர்த் கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் என்பதற்குப் பதில் 900 என்று போடச் சொன்னார்கள். போட்டால் 600-ல் ஓடும் ஸ்பிண்டிலுக்கு 683 காட்டுகிறது. சரியாக இருந்த இடத்தையும் கெடுப்பதற்குப் பெயர் சர்வீஸா?

வெறும் எண் விஷயம் என்று நினைக்காதீர்கள். 40 மி.மீ. ஷாஃப்ட்டை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய 1,194 ஆர்.பி.எம். வேண்டும். எங்கள் அன்றாட வேலை அந்த இடத்தில்தான். டிஸ்ப்ளே குறைத்துக் காட்டியதால் வேலை செய்யும் தம்பி டிரைவை மேலும் ஏற்றினார், இன்செர்ட் (வெட்டும் முனைத்துண்டு) கருகியது. இன்செர்ட் போனால் போகிறது. சக்குக்கு என்று ஓர் உச்ச வேகம் உண்டு, அதைத் தாண்டினால் தாடை பிடி தளரும். வேகம் கூடக் கூடக் குறைத்துக் காட்டும் மீட்டர் இருப்பதைவிட, மீட்டரே இல்லாமல் ஓட்டுவது மேல்.

எனவே 51 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தாங்கும் டிஸ்ப்ளே அனுப்புங்கள். இல்லையென்றால் 60 பல்ஸ் என்கோடர் கொடுத்தாலும் போதும். நொடிக்கு எத்தனை பல்ஸோ அத்தனை ஆர்.பி.எம்., 3,000-லும் 3 கிலோஹெர்ட்ஸ்தான். வேகம் பார்க்க மட்டும் 1024 எதற்கு? இரண்டும் முடியாதென்றால் செட்டை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பெட்டியில் உள்ள 3,000 என்பதையும் திருத்துங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். தொழிலுக்கு வாங்கியது, அங்கே செல்லாது என்று டீலர் சொன்னார். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை அவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பில் நகல், டிஸ்ப்ளேயின் முதுகில் உள்ள ஸ்டிக்கரின் படம், டியூப்லைட் சோதனை வீடியோ ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கப்பலூர்.