காலாண்டுத் தேர்வும் ஒரு நாள் காய்ச்சலும்

01.09.2025

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பின்பக்கக் குடிநீர்க் குழாயைச் சரிசெய்தாயிற்று. காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, அட்டவணை டைரியில் ஒட்டியிருக்கிறது. எல்லாருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஆகஸ்ட் 14 பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் சுதந்திர தினம் என்பதால் அணிவகுப்புக்குக் கடைசி ஒத்திகை வைத்திருந்தோம். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் மட்டும் ஒன்பது பேர் வரவில்லை. டிரம் அடிக்கும் பையனும் இல்லை, அதனால் ஆசிரியர் கைதட்டித் தாளம் போட, பிள்ளைகள் நடந்தார்கள். ஒன்பது பேருக்கும் காய்ச்சல். அதில் நான்கு கடிதங்கள் 13ஆம் தேதி மாலையே வந்து சேர்ந்துவிட்டன. மறுநாள் வரப்போகும் காய்ச்சலுக்கு முந்தின நாளே விடுப்புக் கேட்கும் முன்யோசனையை என் இத்தனை வருட அனுபவத்தில் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் ரஜினியின் 'கூலி' வெளியானது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ். 18 வயது ஆகாதவர்களை அம்மா அப்பா கூட வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். ஆக, தியேட்டர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பேர் பதினோரு மணிக்கு நம் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். "காய்ச்சல் விட்டுடுச்சு மிஸ்" என்றான் ஒருவன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், உண்மையிலேயே விட்டிருந்தது. சட்டைப் பையில் பாப்கார்ன் பொட்டலம்.

நான் சினிமாவுக்கு எதிரி இல்லை. நானும் ரஜினி ரசிகைதான். 1991 தீபாவளிக்குத் 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தபோது ஹாஸ்டல் வார்டனிடம் என்ன காரணம் சொல்லிவிட்டுப் போனேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. சரி, அந்தப் பொய்யை நானே சொன்னேன். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

முன்பெல்லாம் பெரிய நடிகர் படம் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே காட்சி இருக்கும். பார்த்துவிட்டுச் சிவந்த கண்ணோடு பிரேயருக்கு வந்து நிற்பார்கள், முதல் பீரியடில் தூங்குவார்கள், ஆனாலும் வருவார்கள். இப்போது அரசு காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சிக்கு அனுமதி தருகிறது. நம் பிரேயர் 9.15. இரண்டும் மோதுகிற நாளில் பள்ளிதான் தோற்கிறது.

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கண் முன்னால் உட்கார்ந்து பொய்க் கடிதம் எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புவது தவறு. நாளைக்கு அவன் உங்கள் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தால், எந்த முகத்தோடு அவனைக் கண்டிப்பது? இனிமேல் பெரிய படம் வெளியாகும் நாளில் காய்ச்சல் கடிதம் வந்தால் வீட்டுக்கு நானே போன் செய்து நலம் விசாரிப்பேன். பொய் என்று தெரிந்தால் விடுப்பு கிடையாது, ஆப்சென்ட்தான்.

இன்னொன்று. 'கூலி' இன்னும் சில நாட்களில் ஓடிடிக்கு வந்துவிடும். இப்போது நிறைய படங்கள் நான்கு வாரத்தில் வந்துவிடுகின்றன. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் தடுத்தார். வீட்டு ஹாலில் தடுக்க உங்களை விட்டால் ஆள் இல்லை. 2024இலிருந்து 'யு/ஏ' சான்றிதழை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். பிள்ளைக்குப் போட்டுக் காட்டும் முன் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிடுங்கள். பிக் பாஸ் தொடங்கினால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் வீடு களைகட்டும் என்று தெரியும். பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் டிவி சத்தத்தையாவது குறைத்து வைத்தால் போதும்.

அடுத்து தீபாவளிப் படங்கள் வரும். விஜய்யின் கடைசிப் படம் ஜனவரி 9 என்று அறிவித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, நமக்கு வேலை நாள். இப்போதே சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமை மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள், விசிலும் அடியுங்கள். திங்கட்கிழமை கதையை என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஒரே ஒரு தந்தை மட்டும், "மகளைப் படத்துக்குக் கூட்டிப்போகிறேன், ரொம்ப நாள் ஆசை, மன்னிக்கவும்" என்று உள்ளதை எழுதியிருந்தார். விடுப்புத் தர எனக்கு மனம் வரவில்லை, தராமலும் இருக்க முடியவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவருக்கு நன்றி. சுதந்திர தினத்தன்று காலை ஏழு மணிக்கே வந்து பந்தல் கட்டி, மிட்டாய் பொட்டலம் போட்டுக் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. காய்ச்சல் பிள்ளைகளின் பெற்றோரும் அதில் இருந்தீர்கள், பார்த்தேன்.

காலாண்டு விடைத்தாள்களைப் பார்க்கப் பெற்றோர் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அன்று ஆசிரியர்களிலும் இரண்டு பேர் விடுப்பு. அவர்களிடம் தனியாகப் பேசிவிட்டேன்.