உண்டியல் திறந்துதான் இருக்கிறது

காமினோ டி சாண்டியாகோ பாதையில் நடக்கப்போகும் எல்லோருக்கும்,

வணக்கம். இந்த வருடமோ அடுத்த வருடமோ நீங்கள் ஸ்பெயினுக்குப் போய், சாண்டியாகோ நகரத் தேவாலயத்தை நோக்கி நாள்கணக்கில் நடக்கும் அந்த யாத்திரைப் பாதையில் கால் வைக்கப்போகிறீர்கள். முதுகுப்பை எத்தனை கிலோ, எந்த ஷூ நல்லது என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி: 'டொனாட்டிவோ'.

பாதையோர விடுதிகளை அங்கே 'ஆல்பெர்கே' என்பார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு படுக்கைக்கு இத்தனை யூரோ என்று எழுதிப் போட்டிருக்கும். சிலவற்றில் மட்டும் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'டொனாட்டிவோ' என்று இருக்கும். நீங்களாகப் பார்த்துக் கொடுப்பது என்று அர்த்தம். பலர் அதை 'இலவசம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது இலவசம் இல்லை.

லா ரியோகா பகுதியில் கிரான்யோன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சான் ஹுவான் பவுத்திஸ்தா தேவாலயத்தை ஒட்டியே விடுதி. கட்டில் கிடையாது, தரையில் மெல்லிய மெத்தை விரித்து வரிசையாகப் படுக்க வேண்டும். அங்குள்ள காசுப்பெட்டி திறந்தே இருக்கும். முடிந்ததைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கையில் காசு தீர்ந்தவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஓர் ஏற்பாடு இந்தக் காலத்திலும் நடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறொரு விடுதியில் நடந்தது. சாயங்காலம் பத்துப் பேர் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தோம். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா வாசலுக்குப் போய், அலமாரியில் இருந்த ஷூக்களை ஜோடி ஜோடியாக எண்ணிவிட்டு வந்தார். அப்புறம் பானையில் இன்னும் இரண்டு கோப்பை பருப்பு அள்ளிப் போட்டார். "நேற்றுத் தங்கியவர்கள் போட்ட காசில்தான் இந்தப் பருப்பு" என்றார். அவரைப் போன்றவர்களை 'ஒஸ்பித்தலேரோ' என்பார்கள். பெரும்பாலும் முன்பு இதே பாதையில் நடந்தவர்கள். சம்பளம் இல்லாமல், வழக்கமாக இரண்டு வாரம் வந்து தங்கிச் சமைத்து, கழிப்பறை கழுவி, நம் கால் கொப்புளத்துக்குக் கட்டும் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலை என் குதிகால் கொப்புளத்தால் கடைசி ஆளாகக் கிளம்பினேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து மேஜையில் எண்ணிக்கொண்டிருந்தார். தாள்கள் கொஞ்சம், மீதியெல்லாம் செம்புக் காசுகள். ஒன்று, இரண்டு, ஐந்து சென்ட்டுகளைத் தனித்தனியாக அடுக்கினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடைக்கு எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து இரண்டு வரியை அடித்தார், அவ்வளவுதான். முந்தின இரவு, "இன்றைக்கு மிச்சம் பிடித்ததில் நாளைக்கு நல்ல ஹோட்டல்" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டிருந்தது. எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது.

2024இல் மட்டும் சாண்டியாகோவில் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறத்தாழ 4,99,000 பேர். கூட்டம் இப்படி ஏறும்போது இந்த டொனாட்டிவோ விடுதிகள் தாக்குப்பிடிப்பது பெட்டியை நம்பித்தான்.

சரி, எவ்வளவு போடுவது? பக்கத்து ஊரில் ஒரு படுக்கைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் என்ன ஆகுமோ, வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கூடப் போட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிற யாரோ ஒருவர் கவலையில்லாமல் சாப்பிடுவார். வசதி இல்லையா? கூச்சப்படாமல் தங்குங்கள். உங்களுக்காகத்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பாத்திரம் கழுவுங்கள், கூடத்தைப் பெருக்குங்கள், போதும். நான் கேட்பதெல்லாம் கையில் இருந்தும் போடாமல் போகிறவர்களிடம்தான்.

இன்னொன்று. காலையில் இருட்டோடு, தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் பையைக் கட்டிக்கொண்டு ஓடும் அவசரத்தில் அந்தப் பெட்டி கண்ணில் படாது. அதனால் முந்தின இரவே, தட்டைக் கழுவி வைத்த கையோடு போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த மெத்தையில் படுத்து எழுந்த ஒருவன்