செயலாளரின் ஆண்டறிக்கை: பூட்டாத பின்கதவும் புது உறுப்பினர் அட்டையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, கிளப் வாசல்களில் ராத்திரிக் காவல் டியூட்டி முடிந்து தூங்காமல் நேரே இங்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு படிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய ஆள் வராததால் வந்தவர்கள் பேசிவிட்டுக் கலைந்தோம். சனிக்கிழமைக்குக் கூட்டம் வைத்தது என் தப்பு. கிளப் வாசலில் நிற்கிறவனுக்குச் சனிக்கிழமை என்றால் என்ன என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வருடத்தின் பெரிய செய்தி, பாதுகாப்புத் தொழிலாளர்களின் பெரிய தொழிற்சங்கத்தில் நாம் ஒரு கிளையாகச் சேர முடிவெடுத்ததுதான். அந்தக் கதை ஒரு பின்கதவில் ஆரம்பித்தது.

நம் உறுப்பினர்கள் நால்வர் வேலை பார்த்த ஒரு கிளப்பில், பில் கட்டாமல் ஆட்கள் பின்பக்கமாக நழுவுகிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னார். சாவி அவர் பாக்கெட்டில் இருக்குமாம். அவர் நிற்பதோ பார் கவுண்டருக்கு அந்தப் பக்கம், மொத்தக் கூட்டத்துக்கும் மறுகோடியில். டீம் லீடராக இருந்த நம் தோழர், "சார், அங்கே ஒரு ஆள் போடுங்க, பூட்டு போடாதீங்க" என்றார். ஆள் போட்டால் ஒரு சம்பளம். பூட்டுக்குச் சம்பளம் கிடையாது. வாக்குவாதம் முற்றியது, கதவு மட்டும் பூட்டப்படவில்லை. மறுநாள் மதியம், கிளப்புக்குக் காவலர்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து அவருக்குப் போன்: இனி வர வேண்டாம்.

கிளப்பில் போய்க் கேட்டால், அவர் எங்கள் ஆளே இல்லை, ஏஜென்சி ஆள் என்றார்கள். ஏஜென்சியில் கேட்டால், கிளப் வேண்டாம் என்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். நம்மில் யார் இதைக் கேட்காதவர்? வேலை வாங்கும்போது இரண்டு முதலாளி, வேலை போகும்போது ஒருவரும் இல்லை.

அந்தத் தோழர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பதைப் புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் என்ற கிளப்பில் தீப்பிடித்து 242 பேர் இறந்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களை, பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து வாசல் காவலர்கள் முதலில் தடுத்தார்கள். உள்ளே தீ என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2003 பிப்ரவரி 17 அன்று, சிகாகோவில் ஒரு கிளப்பில் சண்டையை விலக்கக் காவலர்கள் மிளகு ஸ்பிரே அடித்தார்கள். கூட்டம் மிரண்டு படிக்கட்டுப் பக்கம் பாய்ந்ததில் 21 பேர் நசுங்கிச் செத்தார்கள். அங்கே நின்றவர்களும் நம்மைப் போலக் கறுப்புச் சட்டை போட்டு, காதில் இயர்பீஸ் மாட்டி, சொன்ன வேலையைச் செய்தவர்கள்தான்.

நம் தோழரைக் காப்பாற்றியது அவருடைய கையெழுத்து. சம்பவப் பதிவேட்டில் அன்றிரவே மணி போட்டு, "பின்கதவைப் பூட்டச் சொன்னார், மறுத்தேன்" என்று ஒரே வரி எழுதி, கூட நின்ற இருவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நாம் பெரிய சங்கத்தின் அமைப்பாளரிடம் போனோம். அப்போது நாம் அவர்களுக்கு உறுப்பினர்கூட இல்லை. அவர் கிளப்புக்கும் ஏஜென்சிக்கும் ஒரே தேதியில், இருவருக்கும் நகல் போகும்படி ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பின் ஏஜென்சி வேறொரு இடத்தில் வேலை கொடுத்தது. இடையில் போன நாட்களுக்குச் சம்பளம் இன்னும் வரவில்லை. அந்தக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது.

பெரிய சங்கத்தில் சேர்வதா என்று முடிவெடுக்கக் கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் நடந்த விவாதத்தை முழுக்க எழுதினால் விடிந்துவிடும். முதல் கேள்வி, நாம் செக்யூரிட்டி, நமக்குத் தொழிற்சங்கம் வைக்க உரிமை உண்டா என்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-வது உடன்படிக்கை 1948-லேயே எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லாத் தொழிலாளருக்கும் சங்கம் சேரும் உரிமை உண்டு என்கிறது. ராணுவம், போலீஸ் விஷயத்தை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது. நம்மைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் போலீஸ் மாதிரி இருக்கலாம். ஆனால் அடி வாங்கினால் மருத்துவச் செலவுக்கு நாமே கடன் வாங்குகிறோம் அல்லவா, அதை வைத்தே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. பாதுகாப்பு ஆட்களின் சங்கத்தில் சேர்வதா, பார் ஊழியர்கள், பரிமாறுகிறவர்களோடு ஒரே சங்கத்தில் சேர்வதா? நான் தனிப்பட்ட முறையில் இரண்டாவதைத்தான் விரும்பினேன். சண்டை வந்தால் முதலில் கை காட்டிக் கூப்பிடுவது பார்டெண்டர்தான், அவரும் நாமும் ஒரே இடத்தில் நிற்கிறோம். அமெரிக்காவில் 1947-ல் வந்த ஒரு சட்டத் திருத்தத்தின்படி, காவலர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கத்துக்குக் காவலர்களின் பிரதிநிதி என்று தொழிலாளர் உறவு வாரியம் சான்று தராது. வேலைநிறுத்தம் வந்தால் காவலர் யார் பக்கம் நிற்பார் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயமே நம் பலத்தைச் சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். கைதட்டல் கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை. சரி, பெரும்பான்மை முடிவு என் முடிவும்தான். ஒரு ஆறுதல்: யூனி என்ற உலகளாவிய தொழிற்சங்கக் கூட்டமைப்பிலேயே காவலர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஒரே பிரிவில்தான் இருக்கிறார்கள்.

எதிர்த்துப் பேசியவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரிய சங்கத்தில் வங்கி, தொழிற்சாலை, வணிக வளாகக் காவலர்கள்தான் அதிகம். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பார்கள், அப்போது நாம் முதல் தூக்கத்தில் இருப்போம். காலையில் கூட்டம் வேண்டாம் என்பதை நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏஜென்சி சூப்பர்வைசர்களும் நம் உறுப்பினர்களாக இருப்பதால் கை தூக்கச் சொல்லாமல் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினோம்.

நம் பக்கத்துத் தவறையும் எழுதத்தான் வேண்டும். ஓர் உறுப்பினர், குடித்துவிட்டு ரகளை செய்த ஒருவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்திப் பிடித்தார். கீழே கிடந்தவர் மூச்சு முட்டுகிறது என்றார். "பேச்சு வருது இல்ல, அப்ப மூச்சும் வரும்" என்று நம் உறுப்பினர் பதில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நம் இன்னொரு தோழர் அவரைத் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். அதனால் ஓர் உயிர் பிழைத்தது. பேச்சு வந்தாலும் போதிய காற்று உள்ளே போகிறது என்று அர்த்தமில்லை. குப்புறக் கிடத்தி மேலே பாரம் ஏற்றினால் நெஞ்சு விரிய இடமிருக்காது, குடித்திருந்தால் இன்னும் மோசம். கட்டுக்குள் வந்ததும் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்க வேண்டும். அந்த உறுப்பினருக்காகச் சங்கம் வாதாடாது என்று செயற்குழு முடிவெடுத்தது. ஆனால் பயிற்சிக்கு அனுப்பாமல் வாசலில் நிறுத்திய ஏஜென்சிமீது புகார் கொடுத்தது. பத்து வருடம் முன்பு நானும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் நல்ல காலம் எதுவும் நடக்கவில்லை.

அதையொட்டித்தான் முதலுதவிப் பயிற்சியைக் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வைத்திருக்கிறோம். பிரிட்டனில் 2021 முதல் கிளப் வாசலில் நிற்கப் புதிதாக உரிமம் கேட்பவர் முதலுதவிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இங்கே உடம்பு இருந்தால் போதும் என்கிறார்கள். வாசலில் உடம்பால் முடிப்பதைவிட வாயால் முடிப்பதுதான் அதிகம் என்பது நமக்குத் தெரியும். நம்மிடையே மிகக் கெட்டிக்காரர் என்று நான் நினைக்கும் பெண் தோழர் ஒருவர், அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார், திருப்பித் தரமாட்டார், சிரித்துக்கொண்டே "எந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிச்சீங்க?" என்பார். அட்டை இரவலாக இருந்தால் பையன் விரல் மடக்க ஆரம்பித்துவிடுவான். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் கட்டாயம், அவர்களுக்கு உடை மாற்றத் தனி அறையும் வீடு திரும்ப வண்டியும் வேண்டும் என்ற தீர்மானம் அவர் கொண்டுவந்ததே.

காது விஷயம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். ஸ்பீக்கர் பக்கத்தில் விடியும் வரை நிற்கிற ஆட்கள் நாம். ஒரு காதில் இயர்பீஸ், மறு காது திறந்து கிடக்கிறது. காதடைப்பானும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளேயும் வாசலிலும் ஆள் மாற்றுவதும் கேட்டிருக்கிறோம். இரண்டு கிளப்புகள் ஆள் மாற்ற ஒப்புக்கொண்டன. காதடைப்பானுக்கு இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாடிக்கையாளர் அடித்தாலும் அது வேலையிடத்து வன்முறைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின், 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் உள்ள 190-வது உடன்படிக்கை, வெளியாட்கள் செய்யும் வன்முறையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே அடுத்த வருடம் பதிவேட்டில் வாங்கிய அடியையும் எழுதுங்கள். வெட்கம் வேண்டாம்.

பதிவேட்டுக்கான புது நோட்டுகளும் பெரிய சங்கத்தின் உறுப்பினர் படிவங்களும் வாசலருகே மேசையில் இருக்கின்றன. படிவத்தில் "முதலாளியின் பெயர்" என்ற இடத்தில் கிளப்பின் பெயரை எழுதுவதா, ஏஜென்சியின் பெயரை எழுதுவதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இரண்டையும் எழுதுங்கள். புகைப்படம் கொண்டு வராதவர்கள் பொருளாளரைப் பாருங்கள். ஆறு மணி டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இப்படிக்கு,
செயலாளர்